எண்ணெய், கரி, இடுப்புக் கயிறு: நம்மூர் முதியவர்களின் தோல் புற்றுநோய் பற்றிச் சில குறிப்புகள்

தோல் புற்றுநோய் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது வெயில். இரண்டாவது வருவது சன்ஸ்கிரீன் விளம்பரம். வெயில்தான் காரணம் என்றால் எங்கள் பக்கம் இந்நேரம் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தைக்கு வந்து பாருங்கள். எழுபது தாண்டிய பெரியவர்கள் தலையில் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு, ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி காலையிலிருந்து நிற்பார்கள். அறுபது வருஷமாக மாந்தோப்பிலும் ராகி வயலிலும் காய்ந்த உடம்பு அது. ஆனால் அவர்களில் யாருக்காவது தோல் புற்றுநோய் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வாய்ப் புற்று, கர்ப்பப்பை, வயிறு, மார்பகம், இதெல்லாம் கேள்விப்படுவோம். தோல்? அபூர்வம்.

அபூர்வம்தான், ஆனால் இல்லாமல் இல்லை. இந்தியாவில் பதிவாகும் புற்றுநோய்களில் தோல் புற்றின் பங்கு 1 அல்லது 2 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்று கண்டுபிடிக்கப்படும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இத்தனை பெரிய வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் மெலனின், அதாவது நம் கறுப்பு. கல்யாணச் சந்தையில் மதிப்பில்லாத அந்தக் கறுப்பு, இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கவசம்.

ஆஸ்திரேலியக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் காலக் கணக்கு. 1981ல் அங்கே ஒரு விளம்பரம் வந்தது. கார்ட்டூன் கடற்பறவை ஒன்று பாட்டுப் பாடி, சட்டை போடு, க்ரீம் பூசு, தொப்பி வை என்று சொன்னது. நாடே பாடிய பாட்டு. அதற்குப் பலன் கிடைத்தது, ஆனால் யாருக்கு என்பதுதான் விஷயம். இளையவர்களிடம் மெலனோமா விகிதம் இறங்க ஆரம்பித்தது. அறுபது தாண்டியவர்களிடம் ஏறிக்கொண்டே போனது. காரணம் சிம்பிள். அந்த முதியவர்கள் பாட்டு வருவதற்கு முன்பே சின்ன வயசு வெயிலையெல்லாம் வாங்கி முடித்துவிட்டார்கள். மென்பொருளில் இதை நாங்கள் தினம் பார்க்கிறோம். பத்து வருஷம் முன்னால் ரிலீஸ் ஆன கோடில் இருக்கும் பக் இன்றைக்கு வெடிக்கும். இன்றைக்கு நீங்கள் எழுதும் நல்ல கோடு அதைச் சரிசெய்யாது.

முதியவர்களின் தோல் புற்றுநோய் எண்களைப் பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்த எண் இந்த வருஷத்து நடப்பைச் சொல்வதில்லை. முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த உடம்பு எங்கே இருந்தது, எதில் நனைந்தது, எதில் சுட்டுக்கொண்டது என்பதைச் சொல்கிறது. அதனால்தான் இதை மருத்துவக் கட்டுரையாக எழுதாமல் (நான் மருத்துவனும் இல்லை) வரலாறாக எழுதுகிறேன்.

சரி, நமக்கு வெயில் இல்லையென்றால் வேறு எது?

காஷ்மீரிலிருந்து தொடங்கலாம். அங்கே குளிர்காலத்தில் காங்கிரி என்று ஒன்று வைத்திருப்பார்கள். மண்சட்டியில் கரி நெருப்பு, சுற்றிலும் பிரம்புக் கூடை. அதை நீளமான பெரன் அங்கிக்குள்ளே வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள், உட்கார்ந்தால் தொடைகளுக்கு நடுவில் வைப்பார்கள். 1860களில் ஸ்ரீநகருக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனரி மருத்துவர் வில்லியம் எல்ம்ஸ்லி, அடிவயிற்றிலும் தொடையிலும் புற்றோடு வருகிற காஷ்மீரிகளைக் கவனித்து 1866ல் எழுதினார். அவருக்குப் பிறகு அதே மிஷன் மருத்துவமனையில் ஆர்தர் நீவ், எர்னஸ்ட் நீவ் என்ற சகோதரர்கள் பல பத்தாண்டுகள் இந்த நோயாளிகளுக்கு அறுவை செய்தார்கள். எர்னஸ்ட் நீவ் 1923ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய பிறகு உலகம் முழுக்க ‘காங்கிரி புற்று’ என்ற பேர் பரவியது. வெயிலே படாத, எந்நேரமும் துணி மூடிய இடம். முதலில் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும். வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகு தடிக்கும், வெடிக்கும், ஆறாத புண்ணாகும். அது புற்றாகும்போது ஆள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியிருப்பார்.

அடுத்தது பம்பாய். டாடா மெமோரியல் மருத்துவமனை 1941ல் திறந்தது. அங்கே நோயியல் துறையில் இருந்த வி. ஆர். கானோல்கர், சூர்யாபாயுடன் சேர்ந்து 1945ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, பழக்கவழக்கங்களால் வரும் புற்றுகளைப் பற்றியது. அதில் ஒன்று வேட்டிப் புற்று. ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில், நாற்பது ஐம்பது வருஷம் வேட்டி கட்டினால் இடுப்பில் தோல் கறுத்துத் தடித்துச் செதில் விடும். அபூர்வமாகச் சிலருக்கு அது புற்றாகும். பிற்காலத்தில் ‘சேலைப் புற்று’ என்றும் எழுதினார்கள். உண்மையில் குற்றவாளி சேலை இல்லை, உள்பாவாடை நாடா. நம் வீட்டுப் பாட்டிகள் இடுப்பில் அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், அது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வெறும் தழும்பாகவே நின்றுவிடும். ஆனால் அந்த இடத்தில் புண் வந்து மாசக்கணக்கில் ஆறவில்லை என்றால் ‘நாடா உரசல்தான்’ என்று விட்டுவிடக் கூடாது.

காங்கிரியையும் வேட்டியையும் ஒரே கயிற்றில் கட்டுவது நாட்பட்ட காயம். பழைய தீக்காயத் தழும்பு, ஆறாத புண், இவற்றிலிருந்து புற்று எழுவதை இன்றும் மார்ஜோலின் புண் என்றே சொல்கிறார்கள். ழான் நிக்கோலா மார்ஜோலின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1828ல் இத்தகைய புண்களை விவரித்ததால் அந்தப் பேர். தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களில் வருஷக்கணக்கில் இருக்கும் குழிப்புண்களிலும் இது வரும். கறுப்புத் தோல்காரர்களுக்கு வரும் மெலனோமாவும் வெயில் படாத உள்ளங்காலையும் நகத்தடியையும்தான் அதிகம் தேடிப்போகிறது. பாப் மார்லிக்கு 1977ல் கால் கட்டைவிரலில் வந்தது அந்த வகைதான். கால்பந்தில் பட்ட அடி என்று நினைத்தார்கள். 1981ல் 36 வயதில் இறந்தார். அவர் முதியவர் இல்லை, ஆனால் ‘அடிபட்ட காயம்தானே’ என்ற அந்த வாக்கியம் நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்கிற அதே வாக்கியம்.

தைவானின் தென்மேற்குக் கரையில் ஆழ்கிணற்று ஆர்செனிக் தண்ணீர் குடித்தவர்களைப் பற்றி 1968ல் வந்த ஆய்வையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 40,421 பேரைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் தோல் புற்று. இருபது வயதுக்குக் கீழே ஒருவருக்கும் இல்லை. வயது ஏற ஏற எண் ஏறியது. மேற்கு வங்கத்திலும் 1980களில் இதே கதை வெளியே வந்தது. எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீருக்கு உள்ள கெட்ட பெயர் ஃப்ளோரைடால். அது பல்லையும் எலும்பையும் பிடிக்கிற வேறு தலைவலி.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு, எண்ணெய்க்கு வருகிறேன். இந்த வரலாற்றை நான் நோண்ட ஆரம்பித்ததே ஓசூருக்காகத்தான்.

1775ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிப்புகைத் தூள்தான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுக்கும் முடிச்சுப் போட்ட முதல் எழுத்து என்று இதைச் சொல்வார்கள். நாலைந்து வயதில் பையன்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றிவிடுவார்கள், புற்று வருவது அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு. நூறு வருஷம் கழித்து 1875ல் ஜெர்மனியில் ஃபோல்க்மன் தார், பாரஃபின் தொழிலாளர்களிடம் அதையே பார்த்தார். அடுத்த வருஷம் எடின்பரோவில் ஜோசப் பெல், ஷேல் எண்ணெய்த் தொழிலாளர்களிடம் பார்த்து எழுதினார். (ஆமாம், ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மாடலாக இருந்த அதே ஜோசப் பெல்தான். ஆளைப் பார்த்தே தொழிலைச் சொல்லுவாராம். இந்த நோய்க்கு அவரைவிடப் பொருத்தமான டாக்டர் கிடைப்பாரா!)

அப்புறம் மான்செஸ்டர். பருத்தி நூற்பாலைகளில் ம்யூல் என்ற பெரிய நூற்பு இயந்திரம். நூற்றுக்கணக்கான கதிர்கள் எந்நேரமும் சுற்றும், கதிருக்குப் போடும் கனிம எண்ணெய் பொடித்துளியாகத் தெறிக்கும். அறுந்த நூலை ஒட்டுவதற்குத் தொழிலாளி இயந்திரத்தின் மேல் குனிந்து எட்டுவார். மெல்லிய பருத்திக் கால்சட்டை இடுப்புக்குக் கீழே எண்ணெயில் ஊறிக்கிடக்கும். மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரியின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்த சதம், வில்சன் என்ற இருவர் 1922ல் எழுதினார்கள்: இருபது வருஷத்தில் வந்த 141 விதைப்பைப் புற்று நோயாளிகளில் 69 பேர் ம்யூல் தொழிலாளிகள். அதுவரை பாடப்புத்தகம் இதைப் புகைபோக்கிக்காரர்கள் நோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பழைய பதிவேட்டில் ‘தொழில்’ என்ற கட்டம் நிரப்பப்பட்டிருந்ததால் உண்மை வெளியே வந்தது. ஒரு காலம், ஒரே ஒரு காலம்! அட்டவணையில் அந்த ஃபீல்டு காலியாக இருந்திருந்தால் 69 பேரும் வெறும் ‘வயதான ஆண்கள்’ ஆகியிருப்பார்கள்.

கண்டுபிடித்த பிறகும் சட்டம் எவ்வளவு மெதுவாக வந்தது பாருங்கள். தார், கனிம எண்ணெய் முதலியவற்றால் வரும் தோல் புற்றை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 1920லேயே இருந்தது. ஆனால் ம்யூல் இயந்திரத்துக்குச் சுத்திகரித்த எண்ணெய்தான் போட வேண்டும், ஆறு மாசத்துக்கு ஒருமுறை தொழிலாளியை டாக்டர் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்குமுறை வந்தது 1953ல். அதற்குள் ம்யூல் இயந்திரங்களே மியூசியத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டன.

நோய் மியூசியத்துக்குப் போகவில்லை, லேத்துக்கு மாறியது. பர்மிங்காம் பக்கத்துப் பொறியியல் தொழிற்சாலைகளில் ஆட்டோமேட்டிக் லேத்களில் கட்டிங் ஆயிலோடு வேலை செய்தவர்களுக்குத் தோல் புற்று வருவதை 1950ல் க்ரூக்‌ஷாங்க், ஸ்குவையர் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். பிறகு ஒரு வழக்கு. கெஸ்ட் கீன் அண்ட் நெட்டில்ஃபோல்ட்ஸ் கம்பெனியின் போல்ட், நட் தொழிற்சாலையில் ஸ்டோக்ஸ் என்பவர் டூல் செட்டர். பதினைந்து வருஷம் எண்ணெய் வழியும் இயந்திரங்கள் மேல் குனிந்து வேலை. 1966ல் விதைப்பைப் புற்றில் இறந்தார். அவர் மனைவி வழக்குப் போட்டார். தொழிற்சாலை டாக்டருக்கு இந்த ஆபத்து தெரியும். ஆனால் ஆபத்து சின்னது, சொன்னால் ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று எச்சரிக்கைத் தாளும் கொடுக்கவில்லை, ஆறு மாசப் பரிசோதனையும் வைக்கவில்லை. 1968ல் நீதிபதி ஸ்வான்விக், தெரிந்தும் சொல்லாதது கவனக்குறைவுதான் என்று கம்பெனியைப் பொறுப்பாக்கினார். நல்ல முதலாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஸ்டோக்ஸுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள்.

ஓசூரில் சிப்காட் எழுபதுகளில் வந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் 50யும் 1980. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன லேத் பட்டறைகள், ஆட்டோ உதிரிபாக யூனிட்டுகள். அன்று ஐடிஐ முடித்து இருபது வயதில் டர்னராகவோ ஃபிட்டராகவோ சேர்ந்தவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. மான்செஸ்டர், பர்மிங்காம் அனுபவப்படி நோய் தலைகாட்டுகிற வயது இதுதான்.

இதைப் படித்துவிட்டு ‘ஓசூரில் தோல் புற்று அலை’ என்று யாரும் வாட்ஸாப்பில் போட வேண்டாம். பழைய எண்ணெய் வேறு, பிறகு வந்தது வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றை உண்டாக்குவது உறுதி என்று முதல் பட்டியலில் வைத்திருப்பது சுத்திகரிக்காத, அல்லது அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களை. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயை அந்தப் பட்டியலில் வைக்கவில்லை. இன்றைய சிஎன்சி மெஷின்களில் கண்ணாடிக் கதவுக்குள்ளே, தண்ணீர் கலந்த கூலன்ட்தான் பெரும்பாலும் ஓடுகிறது. ஆபத்தை உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் அதிகம் சேருவது எரிந்து பழசான இன்ஜின் ஆயிலில். முழங்கை வரைக்கும் கறுப்பு ஆயிலில் கை விடுகிற மெக்கானிக், எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட்டைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்கிற டர்னர், இவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ம்யூல் தொழிலாளியின் ஊறிய கால்சட்டைதான் ஞாபகம் வருகிறது. எண்ணெய்த் துணியைப் பாக்கெட்டில் வைக்காதே என்பது பிரிட்டிஷ் எச்சரிக்கைகளில் வழக்கமாக வரும் வரி.

நம் சட்டம் இதில் ஆச்சரியமாக நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல். தோலின் முதல்நிலை எபிதீலியப் புற்று அதில் இருந்தது. கனிம எண்ணெயால் வரும் எண்ணெய்க் கொப்புளமும் தோல் அழற்சியும் தனியாக இருந்தன. 89ஆம் பிரிவு, தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ‘அல்லது பார்த்த’ ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக நினைக்கிற எந்த மருத்துவரும் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது. அந்த ‘பார்த்த’ என்ற ஒரு சொல், ஓய்வுபெற்றவரையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அறுபத்தைந்து வயதுக்காரர் தொடையில் புண்ணோடு வந்தால் சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்பார்கள். 1985ல் எந்த மெஷின் ஓட்டினீங்க என்று கேட்க வேண்டும் என்பது யாருக்குத் தோன்றும்? இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700ல் எழுதிய தொழில் நோய்ப் புத்தகத்தில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில்’ என்பதையும் சேருங்கள் என்று சொல்லியிருந்தார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இனி எண்களைப் பற்றி. இது கொஞ்சம் என் ஏரியா.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தை 1981 கடைசியில் தொடங்கியது. பம்பாயில் 1963லிருந்தே பதிவேடு இருந்தது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையமும் பெங்களூரில் கித்வாய் நிலையமும் 1982லிருந்து மக்கள்தொகை அடிப்படையில் பதிய ஆரம்பித்தன. எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில், ஆனால் நோயாளி போவது பக்கத்தில் இருக்கிற பெங்களூருக்கு. மக்கள்தொகைப் பதிவேட்டில் அந்த ஊர்வாசி மட்டுமே எண்ணப்படுவார்; இல்லாவிட்டால் விகிதக் கணக்கே தப்பாகிவிடும். ஆக ஓசூர்க்காரரை பெங்களூர்ப் பதிவேடு, சரியான காரணத்துக்காகவே, விட்டுவிடும். தமிழ்நாடு முழுவதற்குமான பதிவுத் திட்டம் வந்தது 2012ல்தான். அதன் பிறகும் பெங்களூர் மருத்துவமனையின் தகவல் எல்லை தாண்டி வந்தால்தான் இங்கே கணக்கு. அதே ஆள் ஒரு தாளில் முனியப்பா, இன்னொரு தாளில் முனியப்பன், தெலுங்குக்கார டைப்பிஸ்ட் அடித்தால் முனெப்ப. டூப்ளிகேட் நீக்குகிற வேலை செய்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

வகைப்பாட்டிலும் ஒரு சிக்கல். மெலனோமாவுக்குச் சி43, மற்றத் தோல் புற்றெல்லாம் சி44. அமெரிக்கப் பதிவேடுகள் மிகச் சாதாரணமான இரண்டு வகைகளை (அடித்தளச் செல், செதிள் செல்) பொதுவாக எண்ணுவதே இல்லை. அவ்வளவு அதிகம், அவ்வளவு சுலபமாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதனால் ‘உலகத் தோல் புற்றுநோய்ப் போக்கு’ என்று நீங்கள் பார்க்கும் பல வரைபடங்கள் உண்மையில் மெலனோமாவின் போக்கு. நம்மூர்ப் பெரியவருக்கு வருவதோ பெரும்பாலும் சி44ல் அடங்குகிற செதிள் செல் புற்று. அந்த வரைபடத்தில் அவர் இல்லை.

வயது சரிசெய்த விகிதம் என்று இன்னொன்று. ஜப்பானியர் செகி 1960ல் தயாரித்து, பிறகு டால் திருத்திய ‘உலக நியம மக்கள்தொகை’யை வைத்துத்தான் இந்தியப் பதிவேடுகளும் கணக்குப் போடுகின்றன. அந்தக் கற்பனை ஊரில் லட்சம் பேர். அதில் 65 தாண்டியவர்கள் 7,000, 75 தாண்டியவர்கள் வெறும் 2,000. ஊருக்கு ஊர் ஒப்பிட இது அருமையான கருவி. ஆனால் வயதாவதால் வரும் மாற்றத்தை வேண்டுமென்றே அழிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி. ஒரு மாவட்டத்தில் முதியவர் எண்ணிக்கை இரண்டு மடங்காகி, ஒவ்வொரு வயதிலும் நோய் வாய்ப்பு அப்படியே இருந்தால், ஆஸ்பத்திரி வாசலில் முதிய நோயாளிகள் இரண்டு மடங்கு நிற்பார்கள். வயது சரிசெய்த விகிதம் ஒரு புள்ளிகூட நகராது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 10.4 சதவீதம். அது ஏறிக்கொண்டிருக்கிறது. ‘தோல் புற்று விகிதம் நிலையாக உள்ளது’ என்ற வரியைப் படிக்கும்போது எந்த விகிதம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்து முடித்தபின் வீட்டில் அப்பாவிடம் உள்ளங்காலைக் காட்டச் சொன்னேன். ‘எதுக்குடா’ என்றார். காட்டினார், ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் பார்ப்பதென்றால் உள்ளங்கால், நகத்தடி, இடுப்பில் நாடா பட்ட இடம், பழைய தீக்காயத் தழும்பு, எண்ணெய் வேலை பார்த்தவராக இருந்தால் கை, தொடை, விதைப்பை. கடைசியைக் கேட்கவும் கூச்சம், காட்டவும் கூச்சம். மான்செஸ்டரிலும் ஆட்கள் கூச்சத்தால் தாமதித்து வந்தார்கள். ஒரு மாசத்துக்கு மேல் ஆறாத புண், ஓரம் தடித்துக்கொண்டே போகிற புண் என்றால் மஞ்சளும் களிம்பும் போட்டுக்கொண்டிருக்காமல் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். 2022லிருந்து போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, குந்தாரப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். போகும்போது எந்தப் பட்டறையில், எத்தனை வருஷம், என்ன மெஷின், என்ன ஆயில் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் கொடுத்துவிட்டு, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.